பச்சை லாரி வாங்க ஆசையா? முதல்ல பேப்பரைப் பாருங்க

பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் அந்தப் பச்சை லாரிகள் பழக்கம்தான். பின்னால் தார்ப்பாய், ஆள் இடுப்பு உயரத்துக்கு டயர், நம்பர் பிளேட்டில் மேலே பார்க்கிற அம்புக்குறி. ஒரு முனையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, மறுமுனையில் விமானப்படைத் தளம் என்று இருப்பதால் இந்த ரோட்டில் அவை வராத நாளே கிடையாது. பல்லாவரம் சிக்னலில் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் சொகுசுக் காரில் இருப்பவர் கூட கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். பார்க்கிறவர்களில் யாரோ ஒருவருக்கு “இதை ஏலத்துல எடுத்தா என்ன?” என்று தோன்றிவிடுகிறது.

தோன்றுவதற்குக் காரணங்கள் பலவிதம். கேட்டரிங் வைத்திருப்பவர் பாத்திரம் ஏற்ற உறுதியான வண்டி தேடுகிறார். ஏலகிரி, கொல்லிமலை என்று சுற்றும் கும்பலுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி மேல் காதல். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு கட்டியவருக்கு 2015 டிசம்பர் இன்னும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்த அந்த வாரத்தில் ஊருக்குள் வந்தது பெரிய வண்டிகளும் படகுகளும்தானே? இது போக தோனி ரசிகர்கள் தனி ரகம். 2019-ல் ராஞ்சியில் தல ஒரு பழைய ராணுவ நிசான் வண்டியை ஓட்டிக்கொண்டு போன படம் வந்ததிலிருந்து “ஜோங்கா எங்க கிடைக்கும்?” என்று விசாரிக்காத ஆள் இல்லை. (அவர் வீட்டு கராஜ் அளவு என்ன, நம் வீட்டு வாசல் அளவு என்ன என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.)

ஆசை தப்பில்லை. ஆனால் வாங்க நினைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஏலத்தில் விற்கப்படுவது வண்டியா, இரும்பா என்பது. இரண்டும் ஒரே மைதானத்தில், ஒரே பச்சை நிறத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிற்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பேப்பரில்தான் தெரியும்.

ராணுவமும் மற்ற அரசுத் துறைகளும் கழித்துக் கட்டும் சாமான்களில் பெரும்பகுதி எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலம் வழியாகப் போகிறது. 1964-ல் ஆரம்பித்த நிறுவனம், தலைமையகம் கொல்கத்தா, உருக்குத் துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே விலை கேட்கலாம். நிபந்தனைகள் பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. சாமான் எங்கே, எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விற்கப்படுகிறது, பிறகு புகார் கிடையாது என்கிற வரி. கடையில் வாங்கிய மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்கிற கதை இங்கே நடக்காது. கியர்பாக்ஸ் உள்ளே காலியாக இருந்தாலும் அது வாங்கினவர் தலையெழுத்து.

இன்னொன்று, ஏலம் ‘லாட்’ கணக்கில் நடக்கும். ஒரு லாட்டில் ஒரு வண்டி இருக்கலாம், ஏழு வண்டி இருக்கலாம். ஒன்று மட்டும் போதும் என்று பொறுக்க முடியாது. அதிக விலை கேட்டாலும் துறை ஒப்புதல் கொடுத்தால்தான் சாமான் கைக்கு வரும். ஒப்புதல் வந்தபின் குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் இடத்துக்கு வாடகை ஏறும். அதனால்தான் இந்த ஏலங்களில் பழகிய முகங்கள் எல்லாம் பழைய இரும்பு வியாபாரிகளாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி ஓட வேண்டிய அவசியமில்லை. எடை இருந்தால் போதும்.

இங்கே வணிகவியல் படிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கலாம். ராணுவம் எதற்காக அந்த வண்டியை விற்கிறது? ராணுவத்துக்குள்ளேயே இ.எம்.இ. என்று ஒரு படைப்பிரிவு இருக்கிறது. வண்டி, பீரங்கி, ரேடார் என எல்லாவற்றையும் பழுது பார்ப்பதே அவர்கள் வேலை. ஒர்க்‌ஷாப் அவர்களுடையது, மெக்கானிக் சம்பளம் அரசாங்கத்துடையது, உதிரி பாகம் கிடங்கில் கிடக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஒரு லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ‘இனி ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதே லாரியைக் கூடுவாஞ்சேரியில் ஒரு தகர ஷெட்டுக்குள் வைத்து லாபமாகச் சரி செய்துவிடலாம் என்று நம்புவதற்கு நிறைய தன்னம்பிக்கை வேண்டும்!

சரி, பேப்பர் விஷயத்துக்கு வரலாம். ராணுவ வண்டிகள் நம்மூர் ஆர்.டி.ஓ.வில் பதிவாவதில்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவு பாதுகாப்புத் துறை வண்டிகளுக்குத் தனிப் பதிவு வைத்திருக்கிறது. அம்புக்குறி நம்பர் அங்கிருந்து வருவதுதான். அந்த அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்தில் சேர்ந்த வருடத்தைச் சொல்லும், அதனால் வயது தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. வண்டி ராணுவச் சேவையை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பதிவு முடிந்துபோகிறது. அதன் பிறகு சாதாரண வண்டி மாதிரி புதிதாகப் பதிவு செய்தால்தான் ரோட்டில் ஓட்டலாம். இதற்கு வழி இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47-வது விதி, முன்னாள் ராணுவ வண்டி என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. பதிவுக்கான படிவம் 20-ல் புது வண்டியா, முன்னாள் ராணுவ வண்டியா, இறக்குமதி வண்டியா என்று கேட்டே ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். ஆக, சட்டத்துக்கு இது தெரியாத சமாச்சாரம் இல்லை.

சிக்கல் வருவது அந்த ‘அசல்’ என்ற வார்த்தையில். ஏலத்தில் நேரடியாக எடுத்தவர் பெயரில்தான் அந்தச் சான்றிதழ் இருக்கும். அவர் ஒரு வியாபாரிக்கு விற்று, வியாபாரி இன்னொரு புரோக்கருக்குத் தள்ளி, அவர் வண்டலூர் பக்கம் காலி மனையில் நிறுத்தி வைத்து விற்கும்போது கையில் இருப்பது மூன்றாவது ஜெராக்ஸ். கூடவே 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு ஒப்பந்தம். “எல்லாம் பண்ணிக்கலாம் சார், ஆர்.டி.ஓ.வுல நம்ம ஆளு இருக்காரு” என்று ஒரு வாக்குறுதி. இந்த மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பதிவு எண் ஆகாது.

இது போதாதென்று 2023-ல் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. விதிகளில் 52ஏ என்று புதிதாகச் சேர்த்து, 15 வருடம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவை அந்த ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது என்றார்கள். அப்படிக் கழியும் வண்டிகளை, 2021-ல் வந்த வாகன அழிப்பு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்காகக் களத்தில் பயன்படும் கவச வண்டிகள், சிறப்பு வண்டிகளுக்கு இதில் விலக்கு உண்டு. எந்த லாட் எந்தப் பக்கம் விழுகிறது என்பது ஏல அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். ‘பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் மட்டும்’ என்று இருந்தால் தனி ஆள் பேசாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வண்டிக்குக் கிடைக்கப் போவது மரணச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ் இல்லை. அதை யாராவது ‘ஓடுற கண்டிஷன்’ என்று வெளியே விற்றால் அது குறைந்த விலை இரும்பு, அல்லது அதிக விலை வம்பு.

ஆகவே பணம் எடுத்து வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. சான்றிதழ் நகல், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டு முகவரிக்கு உரிய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவது. தாம்பரம் என்றால் டிஎன்-11, சோழிங்கநல்லூர் டிஎன்-14, மீனம்பாக்கம் டிஎன்-22. “இந்த வண்டியைப் பதிவு செய்வீர்களா, என்னென்ன வேண்டும்?” என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது. வாயால் சொன்ன பதில் அந்த அதிகாரி மாற்றலாகும் வரைக்கும்தான். அதோடு சேசிஸில் குத்தியிருக்கும் நம்பரை பெயின்ட் சுரண்டி நேரில் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் திரும்பி வந்துவிடலாம், பஸ் காசோடு போகும்.

பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொள்வதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது, இது காலேஜ் பசங்களுக்காகவே தயாரான வழி. “ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாற்றல், வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன்” என்று பழைய சாமான் விற்கும் தளங்களில் ஒரு விளம்பரம். யூனிபார்ம் போட்ட படம், அடையாள அட்டைப் படம், கேன்டீன் கார்டு படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். வண்டி மட்டும் வராது. ராணுவ டிரான்ஸ்போர்ட்டில் அனுப்புகிறேன், முதலில் லாரி வாடகை போடு, அப்புறம் கேட் பாஸுக்குப் போடு என்று காசு கேட்பார்கள். இந்த மோசடி பற்றிப் பல மாநில போலீஸும் எச்சரித்துவிட்டார்கள். ராணுவ லாரியை எந்த ஜவானும் தன் சொந்தப் பொருள் மாதிரி விற்க முடியாது என்ற ஒரு விஷயம் தெரிந்தாலே தப்பித்துவிடலாம்.

நேரில் பார்க்காமல் ராணுவ வண்டி வாங்கி ஏமாந்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் நம் அரசாங்கம்தான் என்பது ஒரு வேடிக்கை. 1948-ல் லண்டனில் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது பார்த்த ராணுவ ஜீப்புகள் இரண்டாயிரம் வாங்க, பெரிய பெயர் இல்லாத ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155. அவற்றில் ஒன்றுகூட ஓடும் நிலையில் இல்லை என்று ராணுவம் ஏற்க மறுத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்றும் பேசப்படுவது இந்த ஜீப் விவகாரம். 1955-ல் வழக்கு முடிந்ததாக அரசு அறிவித்துவிட்டது. அதே மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதுதான் ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் சக்திமான் லாரி தயாராக ஆரம்பித்தது. ஒரு நாட்டுக்கே அந்த கதி என்றால், செல்போனில் நாலு போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறவர் கதி என்ன?

சக்திமான் பேச்சு வந்துவிட்டதால் எந்த வண்டி என்பதையும் பார்த்துவிடலாம். சக்திமான் 1996-ல் நின்றுபோனது. பார்க்க அழகு, உழைப்பாளி, ஆனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் அது என்றைக்குக் கிடைக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. நிசான் ஒரு டன் வண்டியும் ஜோங்காவும் அளவில் சின்னவை, சேலையூர் தெருக்களில் கூட நுழையும். ஜோங்காவில் இருப்பது கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 40 கி.மீ., போய் வந்தால் 16 முதல் 20 லிட்டர். சென்னையில் 2021-ல் பெட்ரோல் 100 ரூபாயைத் தொட்ட பிறகு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இதனால்தான் பலர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஏதாவது டீசல் எஞ்சினை மாட்டிவிடுகிறார்கள். வடக்கே மண்டி டப்வாலியில் இதையே ஒரு தொழிலாகச் செய்கிறார்கள், கைவேலையைக் குறை சொல்ல முடியாது. சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. 52-வது பிரிவுப்படி பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக மாற்றுவதை ஏற்கவில்லை. அனுமதியில்லாத எஞ்சினோடு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை கழுவ ஒரு காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நம்ம ஊருக்குப் பொருத்தமானது என்று பார்த்தால் ஸ்டாலியன்தான். காரணம் எளிது, அது அசோக் லேலண்ட் வண்டி. அதில் இருக்கும் ஹைனோ வழி வந்த எஞ்சின் லேலண்டின் மற்ற லாரிகளிலும் ஓடியது. எண்ணூர் கம்பெனி இருக்கிற ஊரில் லேலண்ட் தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது. ஆனால் சைஸ்? அது முழு லாரி. கார் லைசென்ஸில் ஓட்ட முடியாது, கனரக லைசென்ஸ் வேண்டும். எட்டு அடி அகலத்துக்கு நிற்க இடம் வேண்டும். சொந்த உபயோகம் என்றாலும் சரக்கு வண்டி சரக்கு வண்டிதான், வயது கூடினால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். பின்னால் இருபது நண்பர்களை ஏற்றிக்கொண்டு டூர் போகலாம் என்பது ராணுவத்துக்குச் சரி. சிவில் நம்பர் விழுந்த பிறகு அது சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. ஏறியவர்களுக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு ஓனர் வீட்டுப் பத்திரத்தில்தான் போய் நிற்கும்.

இரும்பை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு நல்ல லாரி மெக்கானிக்கைக் கூட்டிப்போவதை விட வேறு வழி இல்லை. ஒன்று மட்டும். ராணுவ வண்டி குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று மீட்டரைக் காட்டுவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓடாமல் நிற்பதும் ஒரு வியாதி. ரப்பர் சீல் காயும், பிரேக் சிலிண்டர் இறுகும், டீசல் டேங்க் உள்ளே துரு பிடிக்கும். டயரில் பட்டன் குறையாமல் இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 0812 என்றிருந்தால் அந்த டயர் 2012-ல் பிறந்தது, ரோட்டில் அதை நம்ப முடியாது.

இப்போது கணக்கு. கீழே வருவது வெறும் உதாரணம், அவரவர் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். ஏலத்தில் 2,50,000 ரூபாய்க்கு ஒரு லாரி விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் 45,000. (ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்ட ஜி.எஸ்.டி. கட்டாமல் முடியுமா!) வண்டி நிற்பது ஜபல்பூரில், சென்னைக்கு ஏறக்குறைய 1,500 கி.மீ. பதிவு இல்லாத வண்டியை ஓட்டிவர முடியாது, இன்னொரு வண்டியில் ஏற்றிவர 80,000. டயர்கள் 1,20,000. பேட்டரி 24,000. பிரேக், சீல், ஒயரிங், ரேடியேட்டர் என்று ஒரு லட்சம். பாடி வேலையும் பெயின்டும் 60,000. வரி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் 70,000. கூட்டினால் 7,49,000. ஏலத் தொகை மாதிரி மூன்று மடங்கு. வீட்டில் சொல்லும்போது எல்லோரும் முதல் தொகையை மட்டும்தான் சொல்வார்கள் :-)

இதில் பாதி செலவான பிறகுதான் ஆபத்தான கட்டம் வரும். “இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஐம்பதாயிரம் போட்டா முடிஞ்சிடும்” என்கிற கட்டம். போன பணம் போனதுதான், இனி போடும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பது பி.காம். முதல் வருடப் பாடம். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், ஷெட்டில் நிற்கும்போதுதான் மறந்துபோகும். கேட்டரிங்காரருக்கு இந்த ஏழரை லட்சத்தில் பேப்பர் சுத்தமான ஒரு செகண்ட்ஹேண்ட் மினி லாரி கிடைக்கும். அவருக்கு நாலு சக்கர இழுவை எதற்கு? கல்யாண மண்டபம் எல்லாம் தார் ரோட்டில்தானே இருக்கிறது. மலைக்குப் போகிற கும்பலுக்கு வருஷத்தில் நாலு டூர் என்றால், சூரியநெல்லியில் ஜீப் வாடகைக்கு எடுத்துக் கொழுக்குமலை ஏறுவது மாதிரி போகிற இடத்தில் எடுத்துக்கொள்வது மலிவு.

மிச்சம் இருப்பது முடிச்சூர்க்காரர். அவர் கேள்வியைக் கிண்டல் செய்ய முடியாது. வெள்ளத்தில் பெற்றோரை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி இருந்தவருக்கு உயரமான லாரி என்பது பொம்மை இல்லை. ஆனால் அவருக்கும் இந்த லாரி உதவாது என்பதே நிஜம். இடுப்பளவுத் தண்ணீர் வரை லாரி போகும். அதற்கு மேல் 2015-ல் உயிரைக் காப்பாற்றியவை படகுகள், அவற்றில் பல மீனவர்கள் கொண்டுவந்தவை. தண்ணீரில் ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிரும்போது காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்றைக்கே கிரவுன் ஆயில் மாற்றாவிட்டால் அடுத்த மாதம் பல்சக்கரம் போய்விடும். வருஷத்தில் ஒரு நாளுக்காக 364 நாள் பேட்டரி சார்ஜ் போட்டு, டயருக்குக் காற்று வைத்துக் காக்க வேண்டிய வண்டியை ஒரு குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. அது 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி வைத்துக்கொள்ள வேண்டிய வண்டி. அடையாறு நிரம்பும் முன்பே எந்தத் தெருவுக்கு எந்த வண்டி, எந்தப் படகு என்று அக்டோபரிலேயே எழுதி ஒட்ட வேண்டியவர்களும் அவர்களே. குடியிருப்போர் சங்கங்கள் ஏலத்துக்குப் பணம் திரட்டுவதை விட, அந்தப் பட்டியலைக் கேட்டு வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பது செலவு குறைவு.

இத்தனைக்கும் பிறகு இடமும், மெக்கானிக்கும், பணமும், அசல் சான்றிதழும் கையில் இருக்கிறவர் ஒருவர் இருக்கலாம். அவர் தாராளமாக வாங்கலாம். பெயின்டுக்கு எடுத்து வைத்த பணத்தை மட்டும் தொடாமல் இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது. பதிவுக்குப் போகும் முன் நீலமோ சிவப்போ அடித்தாக வேண்டும்.